2019 வர்ஜீனியா டீம் பத்தி, கொஞ்சம் நீளமா

எங்க ரங்கூன்ல பாஸ்கட்பால் பாக்குறவங்கன்னா முக்காவாசி பேரு என்பிஏ தான் பாப்பாங்க, லேக்கர்ஸ் இல்லன்னா கோல்டன் ஸ்டேட். அமெரிக்க காலேஜ் டீமுங்க ஆடுற என்சிஏஏ டோர்னமெண்ட் பாக்குறவன் ரொம்ப கம்மி, அதுலயும் நம்ம தமிழ் பசங்க இன்னும் கம்மி, நம்மாளுங்களுக்கு ஃபுட்பால் தான் எல்லாமே, மான்செஸ்டர் யுனைட்டட்டா லிவர்பூலான்னு டீக்கடைல சண்டயே நடக்கும். பாஸ்கட்பால் எல்லாம் சீனக்கார பசங்க வெளயாட்டுன்னு ஒரு நெனப்பு இன்னும் இங்க இருக்கு. சாயங்காலம் எங்க கூட கோர்ட்டுல ஆட வர்ற நாலஞ்சு தமிழ் தம்பிங்களுக்காகவாவது அந்த டோர்னமெண்டுல 2019ல வர்ஜீனியா காலேஜ் டீம் ஆடுன கதய எழுதி வைக்கணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆச, ஏன்னா அவனுங்க எப்ப பாத்தாலும் தூரத்துல நின்னு த்ரீ (மூணு பாயிண்ட் ஷாட்) போடுறதயே வெளயாட்டுன்னு நெனச்சுகிட்டு இருக்கானுங்க.

பாக்காதவங்களுக்கு மொதல்ல கொஞ்சம் சொல்லிடுறேன். மார்ச் மாசம் ஆரம்பிச்சு ஏப்ரல் ஆரம்பத்துல முடியும், 68 காலேஜ், நாலு பகுதியா பிரிச்சு ஒவ்வொரு பகுதிலயும் 1ல இருந்து 16 வரைக்கும் நம்பர் குடுப்பாங்க, 1ம் நம்பர் தான் பலமான டீம், 16ம் நம்பர் கடைசி டீம், மொத ரவுண்டுல 1ம் 16ம் மோதும். ஒரு தடவ தோத்தா மூட்டய கட்டிகிட்டு வீட்டுக்குப் போக வேண்டியது தான், ரெண்டாவது சான்ஸ் கெடயாது. என்பிஏ மாதிரி ஏழு மேட்ச் சீரிஸ் எல்லாம் இல்ல. 20 நிமிஷம் 20 நிமிஷமா ரெண்டு பாதி, சமமா இருந்தா 5 நிமிஷம் எக்ஸ்ட்ரா டைம், அவ்ளோ தான்.

2019 பத்தி பேசணும்னா 2018ல இருந்து தான் ஆரம்பிக்கணும். அந்த வருஷம் வர்ஜீனியா தான் மொத்த டோர்னமெண்டுக்கே நம்பர் ஒன், அது வரைக்கும் 31 ஜெயிச்சு ரெண்டே ரெண்டு தான் தோத்திருந்தாங்க, நாட்டுலயே கம்மியா பாயிண்ட் விட்டுக்குடுக்குற டீம். மொத மேட்ச் 16ம் நம்பர் யூஎம்பிசி கூட, மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தோட பால்டிமோர் கவுண்டி கேம்பஸ், பாஸ்கட்பாலுக்குன்னு யாரும் பேர் கேள்விப்படாத காலேஜ். அது வரைக்கும் ஆம்பளைங்க டோர்னமெண்டுல 1ம் நம்பரும் 16ம் நம்பரும் 135 தடவ மோதி 135 தடவயும் 1ம் நம்பர் தான் ஜெயிச்சிருந்துச்சு. மார்ச் 16 ராத்திரி அமெரிக்காவுல, எங்களுக்கு சனிக்கெழம காலைல, பாதி முடியும்போது 21க்கு 21. அப்பவே எனக்கு வயித்துல ஒரு மாதிரி இருந்துச்சு. ரெண்டாவது பாதில யூஎம்பிசி 53 பாயிண்ட் அடிச்சுட்டாங்க, வர்ஜீனியா வழக்கமா ஒரு முழு மேட்ச்ல விடுற பாயிண்ட ஒரே பாதில விட்டுட்டாங்க. 74க்கு 54. ஜைரஸ் லைல்ஸ்னு ஒரு பையன் தனியா 28 பாயிண்ட். சும்மா தோல்வி இல்ல, 20 பாயிண்ட் வித்தியாசம், உலகமே பாக்குற எடத்துல.

(பொம்பளைங்க டோர்னமெண்டுல இது 1998லயே நடந்துருச்சு, ஹார்வர்ட் ஸ்டான்ஃபோர்ட தோக்கடிச்சாங்க. இத யாரும் சொல்றதே இல்ல, அதனால நான் சொல்றேன்.)

வர்ஜீனியாவோட கோச் டோனி பென்னட். அவரோட அப்பா டிக் பென்னட்டும் கோச், 2000த்துல விஸ்கான்சின் டீம கடைசி நாலு வரைக்கும் கூட்டிட்டுப் போனவரு. அப்பா கண்டுபுடிச்ச டிபென்ஸ் தான் புள்ளயோடதும், பேக் லைன்னு சொல்லுவாங்க. நான் எங்க பசங்களுக்கு சொல்லிக்குடுக்குற மாதிரியே இங்கயும் சொல்றேன். கூடைய சுத்தி ஒரு 16 அடி தூரத்துல கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடு இருக்குன்னு வச்சுக்கங்க. பந்து வச்சிருக்கறவன ஒருத்தன் போய் மூஞ்சிக்கு நேரா நெருக்குவான், மத்த நாலு பேரும் அந்த கோட்டுக்குள்ள இழுத்து நிப்பாங்க, யாரு உள்ள வந்தாலும் ஒடம்பு தான் இருக்கும், வழி இருக்காது. எதிராளி பந்த அங்கயும் இங்கயும் சுத்தி சுத்தி 30 செகண்டு க்ளாக் (அதுக்குள்ள ஷாட் போட்டாகணும்) முடியப்போற நேரத்துல வேற வழியில்லாம தூரத்துல இருந்து ஒண்ணு போடுவான். வர்ஜீனியா பந்து கைல வந்தாலும் அவசரப்படாது, அவங்களும் க்ளாக் தேயுற வரைக்கும் நல்ல ஷாட்டுக்கு காத்திருப்பாங்க. நாட்டுலயே ரொம்ப மெதுவா ஆடுற டீம்.

இதுல ஒரு ஆபத்து இருக்கு, அத மறைக்கக் கூடாது. மெதுவா ஆடுனா ஒரு மேட்ச்ல மொத்தமா பந்து கெடைக்குற தடவ கொறயும், அப்ப பலமான டீமுக்கும் பலமில்லாத டீமுக்கும் நடுவுல இருக்கற வித்தியாசம் வெளிய தெரியறதுக்கு நேரமே பத்தாது, பின்னாடி போயிட்டா புடிக்கறதும் கஷ்டம். வெளிய இருந்து த்ரீ விழ ஆரம்பிச்சுட்டா கோட்டுக்குள்ள நின்னு என்ன பிரயோஜனம். யூஎம்பிசி அன்னிக்கு 24 த்ரீ போட்டு 12 உள்ள போட்டாங்க. அதுக்கப்புறம் எல்லாரும் பேசுனது ஒண்ணே ஒண்ணு தான், இந்த மெதுவான ஆட்டத்த வச்சுகிட்டு மார்ச்ல ஜெயிக்கவே முடியாது, பென்னட் மாறணும். எங்க கோர்ட்டுல என் கூட ஆடுற சீன நண்பர் ஒருத்தர் இருக்காரு, பாஸ்கட்பால் நல்லாத் தெரிஞ்சவரு, அவரே அப்ப இதத் தான் சொன்னாரு, இது வழக்கமான சீசனுக்கு லாயக்கு, நாக்கவுட்டுக்கு லாயக்கில்லன்னு. நான் ஒத்துக்கல. இன்னிக்கு வரைக்கும் ஒத்துக்கல, அதத் தான் இந்தப் பதிவுல சொல்ல வர்றேன்.

ஏன்னா பென்னட் மாறல. சின்னச் சின்ன மாத்தம் பண்ணாரு, கிஹேய் கிளார்க்னு 5 அடி 9 அங்குலம் இருக்கற ஒரு மொத வருஷப் பையன கொண்டுவந்து எதிராளி பந்து தட்டிகிட்டு வரும்போதே தொல்ல குடுக்க வச்சாரு. 2018ல மணிக்கட்டு ஒடஞ்சு அந்த மேட்ச் ஆடாத டிஆண்ட்ரே ஹண்டர் திரும்ப வந்துட்டாரு. ஆனா அடிப்படை அதே பேக் லைன், அதே நிதானம். அது மட்டுமில்ல, அந்தத் தோல்விய அவங்க ஒளிச்சு வைக்கவே இல்ல. ஒவ்வொரு பிரஸ் மீட்லயும் அதப் பத்திக் கேட்டாங்க, ஒவ்வொரு தடவயும் பென்னட் மூஞ்ச சுளிக்காம பதில் சொன்னாரு. கைல் கய்னு அவங்க ஆட்டக்காரன், யூஎம்பிசி பசங்க பின்னாடி குதிச்சுகிட்டு இருக்க இவன் குனிஞ்சு நிக்கிற போட்டோவயே ஃபோன்ல பின்னணிப் படமா வச்சிருந்தான். தனக்கு இருந்த மனப் பதட்டத்தப் பத்தி ஃபேஸ்புக்ல வெளிப்படையா எழுதுனான். இருபது வயசுப் பையன். அவமானத்த மூட்ட கட்டி மூலைல போட்டுட்டு மறந்துடுன்னு தான் நம்ம வீடுகள்ல சொல்லுவாங்க, இவன் அதத் தெனமும் பாத்துகிட்டே ப்ராக்டிஸுக்குப் போனான். எனக்கு அது ரொம்பப் பெரிய விஷயமாத் தெரிஞ்சுச்சு.

சரி 2019க்கு வருவோம். மறுபடியும் 1ம் நம்பர், மறுபடியும் மொத மேட்ச் 16ம் நம்பர், கார்ட்னர்-வெப்னு ஒரு காலேஜ். பங்குனி மாசம், எங்க பக்கம் கோயில்ல திருவிழா வேல எல்லாம் ஓடிகிட்டு இருந்த நேரம், ஃபோன்ல ஸ்கோர் பாத்தா வர்ஜீனியா 14 பாயிண்ட் பின்னாடி. பாதில 36க்கு 30. போன வருஷம் மாதிரியே ஆயிருமோன்னு கை நடுங்குது. ஆனா ரெண்டாவது பாதில அவசரப்படாம ஆடி 71க்கு 56ன்னு முடிச்சாங்க. ஓக்லஹோமா மேட்ச் சுலபம், 63க்கு 51. ஆரிகன் கூட 53க்கு 49, இந்த ஸ்கோரப் பாத்துட்டு எங்க தம்பி ஒருத்தன் அண்ணே இது ஃபுல் மேட்ச்சா பாதியான்னு கேட்டான், அவனுக்கு அன்னிக்குப் புரியல, எனக்கு அந்த மேட்ச் ரொம்பப் புடிச்சது.

அதுக்கு அப்புறம் நடந்த மூணு மேட்ச் தான் கத.

பர்டூ மேட்ச் எங்களுக்கு மார்ச் 31 ஞாயித்துக்கெழம காலைல ஏழேகாலுக்கு மேல. ஞாயித்துக்கெழம காலைன்னா கோயில்ல பசங்களுக்கு தமிழ் வகுப்பு, நான் தம்பி மகன கொண்டு விடப் போயிட்டு அங்க மண்டபத் திண்ணைலயே ஃபோன தூணுல சாச்சு வச்சுகிட்டு உக்காந்துட்டேன், கொஞ்ச நேரத்துல வகுப்பு ஆரம்பிக்காத பசங்க எல்லாம் வந்து தோள் மேல சாஞ்சுட்டானுங்க. பர்டூல கார்சன் எட்வர்ட்ஸ்னு ஒருத்தன், அன்னிக்கு அவன் ஆடுன மாதிரி நான் காலேஜ்ல யாரையும் பாத்ததில்ல, 42 பாயிண்ட், அதுல பத்து த்ரீ. கைய மூஞ்சில வச்சு மறைச்சாலும் போடுறான், பலகைல பட்டும் விழுது. கடைசில 6 செகண்டுக்கும் கம்மி, வர்ஜீனியா மூணு பாயிண்ட் பின்னாடி, அவங்களோட டை ஜெரோமுக்கு ரெண்டு ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்குக் குடுக்குற ஷாட், உள்ள போனா ஒரு பாயிண்ட்). மொதலு உள்ள. ரெண்டாவது வெளிய. பந்த வர்ஜீனியாவோட மாமாடி டியாகிட்டே எகிறி பின்னாடி தட்டி விட்டான், அது உருண்டு வர்ஜீனியாவோட சொந்தப் பாதிக்கே போயிருச்சு, கிஹேய் கிளார்க் ஓடிப் போய் எடுத்தான். இப்ப யாரா இருந்தாலும் அங்கருந்தே வீசிப் பாப்பாங்க, இல்லன்னா பக்கத்துல கை தூக்கி நிக்கிற ஜெரோமுக்குக் குடுப்பாங்க. அந்த மொத வருஷப் பையன் தல நிமுந்து பாத்து, கூடைக்குக் கிட்ட நின்ன டியாகிட்டேக்கு நேரா நீளமா ஒரு பாஸ் போட்டான் பாருங்க. டியாகிட்டே புடிச்ச வேகத்துல போட்டான், மணி அடிக்குது, பந்து உள்ள. 70க்கு 70. திண்ணைல இருந்த பசங்க போட்ட சத்தத்துல உள்ள இருந்து டீச்சரம்மா வந்து என்னப்பா ஆச்சுன்னு கேட்டாங்க, யாருக்கும் பதில் சொல்ல வாய் வரல. எக்ஸ்ட்ரா டைம்ல 80க்கு 75. 1984க்கு அப்புறம் வர்ஜீனியா மொத தடவயா கடைசி நாலுக்குப் போறாங்க. டியாகிட்டே ஆப்பிரிக்கால கினி நாட்டுப் பையன், சின்ன வயசுல பாஸ்கட்பாலுக்காக அமெரிக்கா வந்தவன், அத நான் அன்னிக்குச் சொன்னதும் எங்க பசங்களுக்கு அவன் மேல தனி பாசமே வந்துருச்சு.

கடைசி நாலு, மினியாபொலிஸ்ல. ஆபர்ன் கூட, எங்களுக்கு விடியக்காலை நாலரைக்கு மேல. ஆபர்ன் சும்மா வரல, கேன்சாஸ், நார்த் கரோலினா, கென்டக்கி மூணையும் வரிசையா வீட்டுக்கு அனுப்பிட்டு வந்தாங்க, நடுவுல அவங்களோட நல்ல ஆட்டக்காரன் சூமா ஒகேகி முட்டி ஜவ்வு கிழிஞ்சு போயும். அஞ்சு நிமிஷம் இருக்கும்போது வர்ஜீனியா பத்து பாயிண்ட் முன்னாடி, அடுத்து ஆபர்ன் வரிசையா 14 பாயிண்ட் அடிச்சு 61க்கு 57. கய் ஒரு த்ரீ போட்டு 60. ஆபர்ன் ஒரு ஃப்ரீ த்ரோ, 62. கடைசி ஷாட் கய் கார்னர்ல இருந்து போட்டான், விழல, ஆனா ஃபவுல், 0.6 செகண்டு பாக்கி, மூணு ஃப்ரீ த்ரோ. ரெண்டு போட்டான். ஆபர்ன் கோச் புரூஸ் பேர்ல் டைம் அவுட் எடுத்தாரு, பையன் மனச கலைக்கறதுக்கு. திரும்பி வந்து மூணாவதும் போட்டான். 63க்கு 62. போன வருஷம் குனிஞ்சு நின்ன அதே பையன்.

இந்த மேட்ச்ல ஒரு விவகாரம் இருக்கு, நேர்மையாச் சொல்லணும். அந்த ஃபவுலுக்குக் கொஞ்சம் முன்னாடி ஜெரோம் பந்து தட்டும்போது பந்து கால்ல பட்டு நழுவி, ரெண்டு கையால எடுத்து மறுபடி தட்டுனான், அது டபுள் ட்ரிப்ள், கைல எடுத்த பந்த மறுபடி தட்டக் கூடாது, ரெஃப்ரி விட்டுட்டாங்க. ஆபர்ன் ரசிகருங்க இன்னிக்கும் அதச் சொல்லி வருத்தப்படுவாங்க, அவங்க பக்கம் நியாயம் இருக்கு. ஆனா கய் மேல நடந்தது ஃபவுல் தான், அவன் கால் எறங்குற எடத்துல எதிராளி போய் நின்னுட்டான், எத்தன தடவ வேணும்னாலும் போட்டுப் பாருங்க. சும்மா அதிர்ஷ்டத்துல ஜெயிச்ச டீம்னு இவங்கள சொல்றவங்க, அந்த மூணு ஃப்ரீ த்ரோ போடுறதுக்கு என்ன நெஞ்சு வேணும்னு ஒரு நிமிஷம் யோசிக்கணும்.

ஃபைனல் ஏப்ரல் 8, எங்களுக்கு ஒன்பதாந்தேதி செவ்வாய்க்கெழம காலைல எட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னாடி ஆரம்பம். திஞ்சான் தண்ணித் திருவிழாவுக்கு இன்னும் நாலு நாள் தான், தெருவுல மேடை கட்டுற சத்தம், நமக்கும் சித்திரை வருஷப் பொறப்பு வருது, ஊரே வேலைல மனசில்லாம இருக்கற நேரம். வெயில் வேற, கரண்ட் எப்ப போகும்னு சொல்ல முடியாது, அதனால ஃபோன ராத்திரியே ஃபுல்லா சார்ஜ் போட்டு வச்சிட்டு, டீக்கடைல மொஹிங்கா ஒரு கிண்ணம் சொல்லிட்டு உக்காந்தோம், நானும் அந்த சீன நண்பரும் ரெண்டு தம்பிங்களும்.

எதிராளி டெக்சாஸ் டெக், கோச் கிரிஸ் பியர்ட். ரெண்டு டீமும் அதுக்கு முன்னாடி ஃபைனலுக்கே வந்ததில்ல, ரெண்டு புது டீம் மோதுற ஃபைனல் 1979க்கு அப்புறம் இது தான், 79ன்னா மேஜிக் ஜான்சனும் லாரி பேர்டும் மோதுனாங்களே அது. சையான் வில்லியம்சன் ஆடுன டியூக் தான் கப் அடிக்கும்னு எல்லாரும் சொன்னாங்க, அவங்க மிச்சிகன் ஸ்டேட் கிட்ட ஒரே ஒரு பாயிண்ட்ல தோத்துப் போயிட்டாங்க, அந்த மிச்சிகன் ஸ்டேட்ட டெக்சாஸ் டெக் 51க்கு அடக்குனாங்க. அதாவது அந்த வருஷம் நாட்டுலயே நல்ல டிபென்ஸ் ஆடுற ரெண்டு டீம் ஃபைனல்ல. டீவிக்காரங்களுக்குப் புடிக்கல, போர் அடிக்கும்னு எழுதுனாங்க. போர் அடிக்கவே இல்ல.

முழுசா சொல்ல மாட்டேன், நீங்களே பாக்கணும். பாதில 32க்கு 29. ரெண்டாவது பாதில வர்ஜீனியா பத்து பாயிண்ட் போனாங்க, டெக் திரும்பி வந்தாங்க, கடைசி அர நிமிஷத்துக்குள்ள டெக் 68க்கு 65 முன்னாடி. ஜெரோம் பந்த உள்ள கொண்டு போனான், ரெண்டு மூணு பேரு அவன் மேல வந்தாங்க, கார்னர்ல ஹண்டர் தனியா, பந்து போச்சு, த்ரீ, உள்ள. 12 செகண்டு சொச்சம் பாக்கி. நண்பர் கரண்டிய கீழ வச்சுட்டாரு. எக்ஸ்ட்ரா டைம்ல டெக் 73க்கு 70 போனாங்க, கய் ரெண்டு ஃப்ரீ த்ரோ, ஹண்டர் இன்னொரு த்ரீ, 75க்கு 73, அதுக்கப்புறம் டெக் முன்னாடி வரவே இல்ல. எக்ஸ்ட்ரா டைம்ல வர்ஜீனியாவுக்குக் கெடச்ச 12 ஃப்ரீ த்ரோவும் உள்ள, பன்னெண்டுக்குப் பன்னெண்டு. 85க்கு 77. ஹண்டர் 27, கய் 24, ஜெரோம் 16 பாயிண்டும் 8 அசிஸ்டும் (கூடைல போய் முடியுற பாஸ்). சிறந்த ஆட்டக்காரர் விருது கய்க்கு.

ஹண்டரோட 27 பாயிண்ட் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். எனக்கு ஞாபகம் இருக்கறது இன்னொண்ணு. டெக்கோட ஸ்டார் ஜாரட் கல்வர், அவன் அன்னிக்கு 22 ஷாட் போட்டு 5 தான் உள்ள போச்சு, அவன மார்க் பண்ணது பெரும்பாலும் அதே ஹண்டர் தான். ஒரு பக்கம் டீமயே தூக்கி நிறுத்துற அளவுக்கு ஸ்கோர் பண்ணிட்டு இன்னொரு பக்கம் எதிராளியோட பெரிய ஆளயும் புடிச்சு நிறுத்துறது, மூச்சு வாங்குற கடைசி அஞ்சு நிமிஷத்துலயும். இதத் தான் நான் பசங்க கிட்ட சொல்லிகிட்டே இருக்கேன், ஷாட் விழாத நாள் எல்லாருக்கும் வரும், அன்னிக்கு உன் கால் ஓடணும்.

மெதுவா ஆடுற டீம் நாக்கவுட்டுல ஜெயிக்காதுன்னு சொன்னாங்களே, பாருங்க, கடைசி மூணு மேட்ச்லயும் அவங்க தோக்குற எடத்துல இருந்தாங்க, மூணுலயும் சில செகண்டு தான் பாக்கி, அந்த நேரத்துல மத்த டீமா இருந்தா பதட்டத்துல கண்ட எடத்துல இருந்து வீசியிருப்பாங்க. சீசன் பூரா க்ளாக் கரைய கரைய நல்ல ஷாட்டுக்குக் காத்திருந்து பழகுன பசங்க, 6 செகண்டுல கூட நின்னு பாத்து பாஸ் குடுத்தாங்க. கிளார்க்கோட அந்த பாஸ், ஜெரோம் ஹண்டருக்குக் குடுத்த அந்த பாஸ், ரெண்டும் அந்தப் பழக்கத்துல வந்தது தான்னு நான் உறுதியா நம்புறேன். நண்பர் கிட்ட இதச் சொன்னப்ப அவரு பாதி தான் ஒத்துகிட்டாரு, கய்யோட ஃபவுலப் பத்தி இன்னும் வாதாடுவாரு.

அதுக்கப்புறம் நடந்ததையும் சொல்லணும், இல்லன்னா கத பாதில நிக்கும். 2020ல கொரோனாவால டோர்னமெண்டே நடக்கல, அதனால ரெண்டு வருஷம் வர்ஜீனியா தான் சாம்பியன் மாதிரி. அடுத்து 2021ல மொத ரவுண்டுலயே ஒஹாயோ கிட்ட தோத்தாங்க. 2023ல மறுபடி மொத ரவுண்டு, 13ம் நம்பர் ஃபர்மன் கூட, சில செகண்டு தான் பாக்கி, வர்ஜீனியா முன்னாடி இருக்கு, கார்னர்ல மாட்டிகிட்ட கிஹேய் கிளார்க் பந்த தூக்கி வீசுனான், அது ஃபர்மன் கைல போய் த்ரீ ஆயிருச்சு, 68க்கு 67. பர்டூ மேட்ச்ல அந்த பாஸ் போட்ட அதே பையன், அஞ்சாவது வருஷம், கடைசி மேட்ச். அத அன்னிக்கு ஃபோன்ல பாத்துட்டு எனக்கு அழுகை வந்துருச்சு. மேட்ச் முடிஞ்சு அவனும் ஓடி ஒளியல, பிரஸ் முன்னாடி உக்காந்து பதில் சொன்னான். அதே வருஷம் அதே வாரம் பர்டூ 16ம் நம்பர் ஃபேர்லே டிக்கின்சன் கிட்ட 63க்கு 58 தோத்தாங்க, வர்ஜீனியாவுக்கு அப்புறம் அந்த மாதிரி தோத்த ரெண்டாவது 1ம் நம்பர் டீம், அடுத்த வருஷம் பர்டூவும் ஃபைனல் வரைக்கும் வந்தாங்க, ஆனா கனெக்டிகட் கிட்ட தோத்துட்டாங்க.

பென்னட் 2024 அக்டோபர்ல சீசன் ஆரம்பிக்கப் போற நேரத்துல கோச் வேலைய விட்டுட்டாரு. இப்ப காலேஜ் பசங்களுக்குப் பணம், டீம் விட்டு டீம் மாறுறது எல்லாம் வந்தாச்சு, அதுக்கு நான் சரியான ஆள் இல்லன்னு அவரே சொல்லிட்டுப் போயிட்டாரு. பணிவு, வேட்கை, ஒற்றுமை, தொண்டு, நன்றின்னு அஞ்சு தூண் வச்சு டீம் நடத்துன மனுஷன். எனக்கு அவரு போனதுல வருத்தம் தான். 2025ல அவரு எடத்துக்கு வர்ஜீனியா யாரக் கூட்டிட்டு வந்தாங்க தெரியுமா, ரையன் ஓடம். 2018ல யூஎம்பிசிக்குக் கோச்சா இருந்து இவங்கள 20 பாயிண்ட்ல தோக்கடிச்ச அதே ஆளு. அவரோட அப்பா டேவ் ஓடம் முன்னாடி வர்ஜீனியால உதவி கோச்சா இருந்தவரு. தங்களத் தோக்கடிச்சவரயே தலைக்கு மேல கொண்டுவந்து வச்சிருக்காங்க, அந்தக் காலேஜ நெனச்சா எனக்கு மரியாத இன்னும் கூடுது.

தம்பிங்களா, யூடியூப்ல தேடி இந்த ஃபைனல முழுசாப் பாருங்க, ஹைலைட்ஸ் வேணாம், ஹைலைட்ஸ்ல உள்ள போன ஷாட்ட மட்டும் தான் காட்டுவான். ஹண்டர் கைல பந்து இல்லாதப்ப அவன் கால மட்டும் பாருங்க, அப்புறம் சாயங்காலம் கோர்ட்டுக்கு வாங்க, பேசலாம்.